கருப்பொருளைத் தேடி: ஒட்டன்சத்திரம் வட்டாரத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் எவரை எழுப்பிக் கேட்டாலும் முதல், கரு, உரி என்னும் மூன்று பொருள்களையும் தடையின்றிச் சொல்லிவிடுவார். குறிஞ்சிக்குச் சேயோன், முல்லைக்கு மாயோன், மருதத்துக்கு வேந்தன் என்று தெய்வங்களின் வரிசையும் வந்துவிடும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். 'உங்கள் ஊர் எந்தத் திணை?' என்று அடுத்த வினாவைத் தொடுத்தால்தான் வகுப்பறை அமைதியாகிவிடுகிறது. திணை என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புலவர்கள் வகுத்த ஒரு செய்யுள் ஒழுங்கு என்றும், சன்னலுக்கு வெளியே தெரியும் முருங்கைத் தோட்டத்துக்கும் அதற்கும் உறவில்லை என்றும் நாமே அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இதை ஒரு பாடத்திட்டக் குறையாக மட்டும் கருத இயலவில்லை. ஒரு வட்டாரத்தின் மரபுச் செல்வம் எது என்பதை நாம் எவ்வாறு புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதோடு இது தொடர்புடையது. மரபுச் செல்வம் என்றால் கோயில், கோட்டை, கல்வெட்டு, முதுமக்கள் தாழி என்று எண்ணப் பழகிவிட்டோம். இவை போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலமும் நீரும் தொழிலும் குடியிருப்பும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் ஓர் அமைப்பும் மரபுச் செல்வமே. அது புழக்கத்தில் இருப்பதால் யார் கண்ணுக்கும் படுவதில்லை. புழக்கம் ஒழிந்த பின் தேடினால் கிடைப்பதும் இல்லை. அதைப் பதிவு செய்வதற்கான கருவி திணைக் கோட்பாட்டிலேயே ஆயத்தமாக இருக்கிறது என்பதும், அந்தப் பணி முதலில் தமிழ் படித்தவர்களுக்கு உரியது என்பதும் என் கருத்து. நான் நன்கறிந்த ஒட்டன்சத்திரம் வட்டாரத்தை முன்வைத்து இதனை விளக்க முயல்கிறேன்.

நிலம்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்ச் சாலையின் நடுப்பகுதியில் ஒட்டன்சத்திரம் அமைந்திருக்கிறது. தெற்கே பழனி மலைத்தொடரின் கீழ்மலைகள் சுவர்போல் நிற்கின்றன. வடக்கே கள்ளிமந்தையம், இடையகோட்டை, மார்க்கம்பட்டி என்று நிலம் மெல்லச் சரிந்து தாராபுரம், மூலனூர்ச் சமவெளியோடு கலந்துவிடுகிறது. பழைய நாட்டுப் பிரிவின்படி பார்த்தால் இது பாண்டி நாடும் கொங்கு நாடும் கைகோக்கும் எல்லை. பேச்சிலும் உணவிலும் உறவுமுறைச் சொற்களிலும் இரு நாட்டுச் சாயலும் இங்கே உண்டு.

தென்மேற்குப் பருவக்காற்றை மலைகள் தடுத்துவிடுவதால் இது மழை மறைவு நிலம். காற்று வரும், மழை வராது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே மானாவாரி வெள்ளாமை. கீழ்மலையில் பிறக்கும் நங்காஞ்சி ஆற்றைப் பரப்பலாறு அணை தேக்குகிறது. மலையை விட்டு இறங்கும் அந்த ஆறு விருப்பாட்சியைத் தொட்டு, இடையகோட்டைப் பக்கமாக வடக்கே ஓடி, சங்க நூல்கள் ஆன்பொருநை என்று குறிக்கும் அமராவதியில் சேர்கிறது. ஆறு என்று பெயரே தவிர, ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான். ஆனாலும் அதன் கரையோரக் குளங்களும் கிணறுகளும் அதை நம்பியே இருக்கின்றன.

இப்போது திணைக் கண்ணோடு பாருங்கள். பாச்சலூர், வடகாடு மலைப்பகுதியில் பளியரும் புலையரும் வாழும் குறிஞ்சி. கள்ளிமந்தையம் பக்கத்துப் புல்வெளிகளில் ஆடும் மாடும் மேயும் முல்லை. நங்காஞ்சிக் கரையில் குளத்துப் பாசனத்தில் நெல் விளையும் சிறு மருதம். மழை பொய்த்த ஆண்டுகளில் இம்மூன்றையும் தழுவிக்கொள்ளும் பாலை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதை இங்குள்ள உழவர் யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் அதனுள் வாழ்ந்தவர்கள். நெய்தல் ஒன்றைத் தவிர மற்ற நான்கும் ஒரு பேருந்துச் சீட்டின் தொலைவில் கிடக்கும் நிலம் இது. திணை கற்பிக்க இதைவிடச் சிறந்த வகுப்பறை எது?

ஊர்கள்

ஊர்ப்பெயர்கள் ஒரு வட்டாரத்தின் முதல் ஆவணம். ரா.பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' என்ற நூலால் அத்துறையில் நமக்கு வழி காட்டினார். இவ்வட்டாரத்துப் பெயர்களை ஈறுகளின்படி அடுக்கினாலே ஒரு வரலாறு எழுந்து நிற்கும்.

'பட்டி' என்று முடியும் ஊர்கள் எண்ணற்றவை: மார்க்கம்பட்டி, தங்கச்சியம்மாபட்டி, அரசப்பபிள்ளைபட்டி, காளாஞ்சிபட்டி. பட்டி என்பது ஆடு மாடு அடைக்கும் இடத்தைக் குறித்து, பின் சிற்றூரையும் குறித்த சொல். இங்கே பலருக்கு அது இன்றும் இரண்டையும் குறிக்கும். 'பட்டியை அடைத்துவிட்டாயா?' என்ற கேள்வி ஊரைப் பற்றியதன்று. கள்ளிமந்தையம் என்ற பெயரைக் கேட்டவுடன் கள்ளிவேலியும் மந்தையும் கண்முன் வருகின்றன. இடையகோட்டை, லெக்கையன்கோட்டை என்பன பாளையக்காரர் காலத்தை நினைவூட்டுகின்றன. விருப்பாட்சிக்கு அருகே அருவி விழும் இடம் தலையூத்து. ஊற்று ஊத்தானது பேச்சு வழக்கின் அழகு. விருப்பாட்சி என்பதோ துங்கபத்திரைக் கரையில் விசயநகர மன்னர்கள் வழிபட்ட விரூபாட்சர் பெயர். அங்கிருந்து தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு தெற்கே வந்த மக்களின் வழித்தடம் அந்த ஒரு பெயரில் இருக்கிறது.

இனி ஒட்டன்சத்திரம். 'சத்திரம்' என்பதற்கு விளக்கம் தேவையில்லை. பழனிக்கு நடந்து செல்வோர் தங்கிச் செல்ல ஓர் இடம் வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில் இந்த ஊர் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடிகளும் மதுரை, சிவகங்கைப் பக்கத்து மக்களும் சாரி சாரியாக இவ்வழியே நடக்கிறார்கள். பெயரின் முன்பகுதியை, மண்வேலையும் கல்வேலையும் செய்துவந்த ஒட்டர் மக்களோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு. அவ்வாறாயின் கிணறு வெட்டி, கல் உடைத்து, குளம் தோண்டி இந்த வறண்ட நிலத்தை வாழத்தக்கதாக்கிய ஒரு கூட்டத்தாருக்கு ஊர்ப்பெயரில் மட்டும் இடம் கிடைத்திருக்கிறது. வரலாற்று நூல்களில் அவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

போற்றப்படுபவை

இவ்வட்டாரத்தின் பழமை ஆய்வாளர்களால் கண்டுகொள்ளப்படாமல் போய்விடவில்லை. கீழ்மலைகளில் கிடக்கும் கல்திட்டைகளை ஆராய்ந்து ஆங்கிலேட் என்ற இயேசு சபைப் பாதிரியார் நியூட்டனோடு இணைந்து எழுதிய நூல், 1928-இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வு நாடறிந்தது. ஓர் ஈமக்குழியின் தாழியில் இருந்த நெல்மணிகளின் காலம் கி.மு. 490 என்று அறிவியல் முறையில் கணிக்கப்பட்டது. அதே குழியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கி ஒன்றும் கிடைத்தது. தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய விவாதத்தில் அந்த நெல்லுக்கு இன்று தனியிடம் உண்டு. பழனிக்கு மேற்கே ஐவர்மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களோடு உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு சக ஆண்டு 792-ஐ, அதாவது கி.பி. 870-ஐ, இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று குறிக்கிறது. பாண்டியர் காலக்கணிப்புக்கு அது ஓர் உறுதியான ஆணி. பதிற்றுப்பத்தில் வரும் அயிரை மலை இதுவே என்பாரும் உளர். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டதும் இந்த மலையடிவாரம்தான்.

விருப்பாட்சிக்கும் வரலாற்றில் உரிய இடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின் வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது இங்கேதான். எட்டு ஆண்டுகள் கழித்து, 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டார். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1800-ஆம் ஆண்டு கும்பினிக்கு எதிராகப் பாளையங்களை ஒன்றுசேர்த்துப் போராடி, 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு இன்று விருப்பாட்சியில் மணிமண்டபம் இருக்கிறது.

மகிழ்ச்சிதான். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வேலு நாச்சியாரின் படை எட்டாண்டுகள் எதை உண்டது? குதிரைகள் எங்கே மேய்ந்தன? பாளையத்துப் படை மறைந்து இயங்கிய காட்டுவழிகள் எவை? மணிமண்டபத்தில் சிலை இருக்கும். இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்காது. விடை மண்டபத்துக்கு வெளியே ஓடையிலும் கணவாயிலும் புல்வெளியிலும் இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

கொறங்காடும் புஸ்தாவும்

ஒட்டன்சத்திரத்திற்கு வடக்கேயுள்ள ஊர்களிலிருந்து தாராபுரம், மூலனூர், காங்கயம் வரை 'கொறங்காடு' என்று ஒரு நில அமைப்பு இருப்பது இப்பக்கத்தார் அனைவரும் அறிந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனியார் பட்டா நிலம்தான். ஆனால் அதில் உழவு இல்லை. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். சுற்றிலும் முள்கிளுவையால் ஆன உயிர்வேலி. புல்லை ஆடு மாடு மேயும். வெள்வேலங்காய் கோடையில் அவற்றுக்குத் தீனியாகும். மரம் நிழலும் விறகும் தரும். கிளுவை வேலி அடைப்பாகவும் பறவைகளுக்குக் கூடாகவும் இருக்கும். நிலத்தைப் பல துண்டுகளாக அடைத்து, ஒன்றில் மேய்ந்து முடிந்ததும் அடுத்ததற்கு ஓட்டி, முன்னதைத் துளிர்க்க விடுவார்கள். மழை குறைந்த மண்ணில் பெரும் நீர்ச் செலவின்றிக் காங்கயம் மாட்டையும் ஆட்டையும் வளர்க்கக் கண்டறிந்த ஏற்பாடு இது. பல தலைமுறை அனுபவம் இதன் பின்னே இருக்கிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் ஹங்கேரி நாட்டின் பெருஞ்சமவெளியில் உள்ள ஹோர்தோபாஜ் என்ற புல்வெளி எனக்கு நினைவுக்கு வரும். அந்நாட்டார் அத்தகைய நிலத்தைப் 'புஸ்தா' என்பர். வெறுமை, பாழ் என்பது அச்சொல்லின் பொருள். நீண்ட கொம்புடைய சாம்பல் நிற மாடுகள் அங்கே மேய்கின்றன. மாடுகளுக்கு நீர் இறைக்க, நம்மூர் ஏற்றத்தைப் போலவே கவைத்தூணின் மேல் நெடுங்கழி சாய்ந்து நிற்கும் கிணறுகள் உண்டு. படத்தைப் பார்த்தால் நம் பாட்டனார் காலத்துத் தோட்டம் என்றே எண்ணுவீர்கள். வழிப்போக்கர் தங்கும் பழைய சாலைச் சத்திரங்களும் அங்கே உண்டு. 1973-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக ஹோர்தோபாஜ் அறிவிக்கப்பட்டது. 1999-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்கே வானளாவிய கோபுரமோ பேரரசரின் அரண்மனையோ இல்லை. மேய்ப்பர்களும் மாடுகளும் புல்லும் பல நூற்றாண்டுகளாக ஒத்திசைந்து வாழ்ந்த விதமே மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது. பாழ் என்று பெயர் வைத்த நிலத்தையே அந்நாட்டார் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள்.

நம்மிடம் நிலைமை வேறு. பயிர்க்கணக்கு நோக்கும் கண்ணுக்குக் கொறங்காடு தரிசு போலத் தோன்றுகிறது. மனைக்கணக்கு நோக்கும் கண்ணுக்கு அது வீட்டுமனை. சூரிய மின்தகடு பதிக்க ஏற்ற 'வெற்றிடம்' என்பது மூன்றாவது கண். பாகப்பிரிவினையில் நிலம் துண்டாகும்போது, சுழற்சி முறையில் மேய்க்கும் அளவுக்கு இடம் போதாமல் போகிறது. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறார்கள். வேலி போனால் வேலியில் குடியிருந்த பறவை போகும். கொழுக்கட்டைப் புல் போனால் அந்தப் பெயரும் போகும். ஊர்ப் பொதுவில் இருந்த மேய்ச்சல் நிலத்துக்கோ வருவாய்த் துறைப் பதிவேட்டில் 'மந்தைவெளிப் புறம்போக்கு' என்று அழகான பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் ஒரு முல்லைத் திணைச் சொல். பல ஊர்களில் அச்சொல் பதிவேட்டில் மட்டுமே மேய்ந்துகொண்டிருக்கிறது.

2017-இல் ஏறுதழுவலுக்காக மெரீனாவில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். காங்கயம் காளையின் படம் அன்று எங்கும் இருந்தது. காளைக்காகக் குரல் எழுந்தது. அக்காளை மேயும் நிலத்துக்காக யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. மாவைப் போற்றி நிலத்தை விட்டுவிடுவது திணை அறிந்தவர் செய்யும் செயல் ஆகுமா?

விளைபொருளும் விளைநிலமும்

இந்தப் பிரிவினை வேறிடங்களிலும் தெரிகிறது. விருப்பாட்சி மலைவாழைக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு சிறுமலை வாழைக்கும் கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல். பஞ்சாமிர்தம் நாளாகியும் கெடாமல் இருப்பதற்கு, நீர்ச்சத்துக் குறைந்த இந்த மலைவாழை ஒரு காரணம் என்பார்கள். குறியீடு பெயரைக் காக்கும். முடிக்கொத்து நோயால் இம்மலைகளில் வாழைப் பரப்பு பெரிதும் சுருங்கிப்போனதை அது தடுக்காது. காப்பித் தோட்டத்து நிழல்மரங்களுக்கிடையே, மழையை மட்டும் நம்பி வளரும் வாழை அது. அந்த மரங்களும் மண்ணும் அவற்றை அறிந்த மலைமக்களும் இல்லாமல் வாழை ஏது?

இன்னொரு எடுத்துக்காட்டு காந்தள். குறிஞ்சியின் பூ, தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன மலர் இன்று கள்ளிமந்தையம், மார்க்கம்பட்டி, மூலனூர்ச் சமவெளிகளில் கம்பிப் பந்தலில் ஏறிப் பூக்கிறது. இங்குள்ளோர் அதைக் கண்வலிக்கிழங்கு என்பர். அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாத மருந்தாகப் பயன்படுவதால் விதைக்கு வெளிநாட்டில் விலை உண்டு. காலை வேளையில் பெண்கள் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். குறிஞ்சியின் கருப்பொருள் முல்லை நிலத்துக்கு இறங்கி வந்து ஏற்றுமதிப் பயிரானதைத் திணை மயக்கம் என்று சொல்லலாமா? எனக்கு இது வகுப்பறையில் விவாதிக்க வேண்டிய அரிய பொருளாகத் தோன்றுகிறது. காந்தளை உவமையாக மட்டும் அறிந்த மாணவிக்கு, தன் தாயார் அதே பூவில் கூலிக்கு மகரந்தம் தொட்டு வைப்பவர் என்பது பாடத்தின் பகுதியாக வேண்டாமா?

ஒட்டன்சத்திரம் என்றால் வெளியூரார் நினைவுக்கு வருவது காய்கறிச் சந்தை. தக்காளி, முருங்கை, பூசணி, கத்தரி எனக் கேரளத்துக்கு நாள்தோறும் இங்கிருந்து லாரிகள் செல்கின்றன. சந்தையின் மூட்டை தூக்கும் முறை, தரகு பேசும் மொழி, எடைக்கணக்கு ஆகியவை யாவும் இவ்வூரின் மரபே. சாலையோரச் சத்திரத்திலிருந்து சந்தை நகராக ஊர் வளர்ந்த கதை அதில் இருக்கிறது. இப்போது திண்டுக்கல்–பொள்ளாச்சி நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையாக விரிவாக்கப்பட்டு, போக்குவரத்து ஊருக்கு வெளியே திருப்பப்படுகிறது. நெரிசலில் தவித்தவர்களுக்கு இது நன்மைதான். ஆனால் வழிப்போக்கருக்காகவே பிறந்த ஓர் ஊர், வழியே விலகிச் செல்லும்போது என்ன ஆகும் என்பது சிந்திக்க வேண்டியது. சாலையோரப் புளியமரங்களையும் சுமைதாங்கிக் கற்களையும் பற்றி அந்த மாற்றத்துக்கு முன் ஒரு பட்டியலாவது எடுத்திருக்கலாம்.

இரு மறுப்புகள்

இத்தகைய எண்ணங்களைச் சொல்லும்போது இரண்டு மறுப்புகள் எழுவது இயல்பு. இரண்டும் நேர்மையானவை.

முதலாவது, இது பழமை ஏக்கம் என்பது. கவலை கட்டி இறைத்தவனுக்குத்தான் மின்மோட்டாரின் அருமை தெரியும். பிள்ளையைப் பொறியியல் படிக்க வைக்க நிலத்தை விற்றவரிடம் போய்க் கொழுக்கட்டைப் புல்லின் பெருமை பேசுவது சரியா? சரியன்று. ஊரை அப்படியே உறைய வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கையும் அன்று. அதே ஹங்கேரியில் ஹொல்லோகோ என்றொரு சிற்றூர் 1987-இல் உலக மரபுச் சின்னமானது. 1909-இல் தீக்கிரையான வீடுகளை மக்கள் பழைய முறையிலேயே திரும்பக் கட்டிய ஊர் அது. காண அழகுதான். ஆனால் சுற்றுலாப் பயணியருக்காக வாழும் ஊர் என்ற பெயர் அத்தகைய ஊர்களுக்கு எளிதில் வந்துவிடும். நம் ஊர்கள் காட்சிப்பொருளாக வேண்டியதில்லை. மாற்றம் வரட்டும். எதிலிருந்து மாறினோம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை. கொறங்காட்டை விற்பதா காப்பதா என்று முடிவு செய்யும் உரிமை உடையவருக்கே உண்டு. அதன் மதிப்பு இன்னது என்று அறிந்து முடிவு செய்வது வேறு, தரிசு என்று எண்ணி விட்டுவிடுவது வேறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஊரின் மரபு என்று எதைச் சொல்கிறாய், ஊரையா சேரியையா என்பது. குடியிருப்பின் வரைபடத்தை விரித்தால் கிணறு எங்கே, கோயில் எங்கே, யார் எந்தப் பக்கம் என்பதில் சாதி அப்பட்டமாகத் தெரியும். எந்தக் கிணற்றில் யார் இறைக்கக் கூடாது என்பதும், சத்திரத்தின் திண்ணையில் யார் படுக்க முடிந்தது, யார் மரத்தடியில் படுத்தார் என்பதும் அந்த மரபின் பகுதிகள். இவற்றை மறைத்துவிட்டு 'எங்கள் பாரம்பரியம்' என்று பேசினால் அது பொய்க்கணக்கு. ஆகவே பதிவு என்பது புகழ்மாலையாக இருத்தல் கூடாது. கிணற்றைப் பதியும்போது அதை வெட்டியவர் யார், அதில் விலக்கப்பட்டவர் யார் என்பதையும் பதிய வேண்டும். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோரின் சொற்களும், பளியர் மலைக்கும் மரத்துக்கும் வைத்திருக்கும் பெயர்களும், தேவராட்டத்தின் உறுமியும் அதில் இடம்பெற வேண்டும். தமிழ் நிலத்தின் பதிவு தமிழை மட்டும் கேட்டால் அரைகுறையாகிவிடும்.

செய்யத்தக்கது

தொல்காப்பியம் கருப்பொருளாக எண்ணுபவற்றை நினைவுகூருங்கள். உணவு, மரம், பறவை, விலங்கு, தெய்வம், தொழில், பறை, யாழ். இதைவிட நிறைவான கள ஆய்வு வினாநிரல் இன்று எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது? 'இவ்வூரில் விளைந்து உண்ணப்பட்ட தானியம் எது? எது நின்றுபோனது, எப்போது? எல்லைத் தெய்வம் எது, யாருடையது? எந்த மரத்தடியில் பஞ்சாயத்துக் கூடியது? என்ன தோற்கருவி, யார் அடித்தார்கள், இன்று யார் அடிக்கிறார்கள்?' என்று எட்டுத் தலைப்பிலும் கேட்டுக்கொண்டே போகலாம். முதற்பொருள் என்ற தலைப்பில் ஓடை, குளம், கிணறு, கரடு ஆகியவற்றின் பெயர்கள் வரும். உரிப்பொருளை அந்த ஊர்ப் பாட்டிகள் சொல்லிவிடுவார்கள்.

சட்டப்படியும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' தொகுக்கச் சொல்கிறது. மரம், செடி, கால்நடை இனங்களோடு அவை பற்றிய மரபறிவையும் அதில் பதியலாம். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, நத்தம் பக்கத்துக் காசம்பட்டியின் வீரகோயில் கோயிற்காடு 2025-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்குப் பிறகு தமிழ்நாட்டில் இரண்டாவது அது. ஐந்து எக்டேருக்கும் குறைவான ஒரு காட்டை, ஊரார் தெய்வத்துக்கு அஞ்சிக் காத்துவந்த காட்டை, அரசு ஏற்றிருக்கிறது. அரண்மனை இல்லாத இடமும் மரபுச் சின்னமாகலாம் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று இனித் தேவையில்லை. ஒரு கொறங்காட்டுத் தொகுதிக்கு அத்தகைய ஏற்பு கேட்க முடியுமா என்று உரியவர்களோடு கலந்து பேசலாம்.

பதிவேட்டைத் தாவரவியல் மாணவர் மட்டும் எழுதினால் அதில் இலத்தீன் பெயர் இருக்கும். 'கிளுவை' பிழையாக எழுதப்பட்டிருக்கும். தமிழ் மாணவரும் உடன் சென்றால் சொல்லும் பொருளும் சேர்ந்து பதிவாகும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதத்தான் போகிறார். ஏற்கெனவே நூறு ஆய்வேடுகள் வந்துவிட்ட தலைப்பில் நூற்றோராவது ஆய்வேட்டை எழுதுவதைவிட, தம் ஊரின் கருப்பொருளைத் தொகுப்பது அவருக்கும் பயன், ஊருக்கும் பயன். இத்தொகுப்புக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு குறிப்பேடு, பேருந்துக் கட்டணம், முதியோர் பேசும்போது இடைமறிக்காத பொறுமை ஆகியவை போதும்.

இதைப் படிக்கும் நண்பர்கள் பலரும் வேறு வேறு வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். உங்கள் ஊருக்கு வடக்கே உள்ள ஓடைக்குப் பெயர் என்ன என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். தெரிந்திருந்தால் எழுதி வையுங்கள். தெரியவில்லை என்றால், தெரிந்தவர் ஒருவர் இன்னும் அந்த ஊரில் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். அவரிடம் போய்க் கேட்பதற்கு இந்தக் கோடை விடுமுறையே போதுமான காலம்.